நடுங்காப்பட்டியில் தரைக்குக் கம்பி எடுத்த கதை

எங்கள் ஊருக்கும் மேலே, இனி ஏறினால் வானம்தான் என்கிற இடத்தில் நடுங்காப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஓர் அதிகாரி குதிரையில் ஏறி வந்து, "இந்தக் குளிரில் நீங்கள் நடுங்க மாட்டீர்களா?" என்று கேட்டாராம். ஊரே திரண்டு நின்று, பல் தந்தியடிக்க, "ந... ந... நடுங்க மாட்டோம் சாமி" என்றதாம். அவர் அதையே ஊர்ப் பெயராக எழுதிக்கொண்டு குதிரையைத் திருப்பிவிட்டார். நான் கீழ் ஊர்க்காரன், அதனால் கேலி பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் தங்கமான மனிதர்கள். ஒரு வார்த்தை சொன்னால் சொன்னது சொன்னபடி செய்து முடிப்பார்கள். அவர்களோடு எனக்குள்ள கஷ்டமே அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கீழ்நாட்டிலிருந்து யார் புதிதாக வந்தாலும் அந்த ஊரில் ஒரு மரியாதை உண்டு. வந்தவரை முதலில் கம்பளியில் சுற்றுவார்கள். காதில் குல்லாய் மாட்டுவார்கள். அடுப்படியில் உட்கார வைத்து, குளிர் பழகுகிற வரைக்கும் சுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு தடவை கணக்கெடுக்க வந்த வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் சுற்றிவிட்டார்கள். அவர் ஒரு வாரம் கழித்து, எந்தக் கணக்கும் எடுக்காமல், நன்றாகக் குண்டாகிக் கீழே இறங்கினார்.

அந்த ஊரில் அமிர்தவல்லி என்று ஓர் அம்மாள். ஒரே மகள் செல்வக்கனி. விருதுநகரில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் முழுகாமல் இருந்தாள், தலைப்பிரசவம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆனால் சம்பந்தியம்மாள் கோமதியம்மாள் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. போன தடவை அவர் வந்தபோது அந்த வீட்டு நடுவீட்டுத் தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து உப்பும், தரையைத் தூக்கும், பிறகு இறங்கும். கோமதியம்மாள் கீழே வைத்த காப்பி டம்ளர் தானாகவே நகர்ந்து போய் ஒரு வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. கையை விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை.

"மதினி, டம்ளர் போனாப் போகட்டும்," என்றார் அவர். "நாளைக்கு என் பேரப்பிள்ளை தவழ்ந்து போய் அதுக்குள்ள விழுந்தா நான் எங்க போய்த் தேடுறது? தரையைச் சரி பண்ணுங்க. நான் வந்து பாத்து, காலால மிதிச்சு, எனக்குத் திருப்தியா இருந்தா புள்ளையை விட்டுட்டுப் போறேன். இல்லைன்னா பிரசவம் விருதுநகர்லதான்."

அமிர்தவல்லி அன்றைக்கு முழுக்க அழுதாள். "என் புள்ளை வலியில அம்மான்னு கத்துறப்போ நான் பக்கத்துல இல்லைன்னா, நான் எதுக்கு அம்மான்னு இருக்கேன்?" என்று வாசலில் உட்கார்ந்து அழுதாள். அதைக் கேட்டு மேஸ்திரி பூவலிங்கமும் அழுதார். அவரோடு வேலை பார்க்கும் சடையப்பன், மொக்கராசு, அய்யங்காளை மூன்று பேரும் எதற்கென்று தெரியாமலே கூட அழுதார்கள். அழுது முடித்த கையோடு, "அக்கா, அந்தத் தரையை நாங்க போட்டுத் தர்றோம்" என்றார் பூவலிங்கம்.

கீழே டவுனிலிருந்து ஸ்டெல்லா என்கிற இன்ஜினியரம்மா ஜீப்பில் வந்தார். கெட்டிக்காரப் பெண். பழைய தரையைப் பெயர்த்து எடுக்கச் சொன்னார். அடியில் ஜல்லி பரப்பி, தண்ணீர் தேங்காமல் வெளியே ஓட வழி பண்ணினார். எல்லாம் பக்கத்தில் நின்று செய்ய வைத்தார். கிளம்பும்போது நான்கு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"மேஸ்திரி, நல்லாக் கேட்டுக்கங்க. கான்கிரீட்டை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். இழுத்தா விட்டுடும். அதனால உள்ள பலமா ஒண்ணு நின்னு இழுத்துப் பிடிச்சுக்கணும். இந்த ஊர்க் குளிருக்குத் தாங்குறதாப் பாத்து எடுங்க. வளைஞ்சு கொடுக்கணும், ஒடியக் கூடாது. துரு ஏறக் கூடாது. கீழ மண்ணைத் தொடக் கூடாது, அடியில சின்னச் சின்ன சிமெண்டுக் கட்டை, அதான் கவர் பிளாக், வச்சிருங்க. வெளிய தெரியக் கூடாது. கலவை இறுகுற வரைக்கும் இடத்தை விட்டு அசையக் கூடாது. கடையில கம்பி இருக்கு, மெஷ் இருக்கு, ஃபைபர் இருக்கு. எது தோதோ எடுத்துக்கங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். ஜீப் போன பிறகு நான்கு பேரும் அதைப் பற்றி வெகுநேரம் யோசித்து, "நமக்குத் தெரியும்" என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மறுநாள் டவுனில் ரவூப் பாய் இரும்புக்கடையில் போய் நின்றார்கள்.

"பாய், குளிர் தாங்குற கம்பி வேணும்."

"கம்பிக்கு ஏது மேஸ்திரி குளிரு? எட்டு எம்.எம். இருக்கு, பத்து இருக்கு, பன்னெண்டு இருக்கு. எதை எடுக்க?"

பூவலிங்கம் ஒரு கம்பியைத் தடவிப் பார்த்தார். "இது எங்க பொறந்தது பாய்?"

ரவூப் பாய் நல்ல வியாபாரி. கேட்டதற்குப் பதில் சொல்லுவார். "உருக்காலையில. நெருப்புலயே காய்ச்சி, நெருப்பாவே இழுத்து எடுப்பாங்க. வெளிய வர்றப்போ தகதகன்னு வரும்."

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொறந்ததே நெருப்புலயாம்ணே. நம்ம ஊருக்கு வந்தா என்ன பாடுபடும்?"

"விருதுநகர்க்காரங்களே நம்ம ஊர்ல ரெண்டு கம்பளி கேக்குறாங்க," என்றான் மொக்கராசு. "இதுக்கு எத்தனை வேணும்?"

ரவூப் பாய் பேச்சை மாற்ற நினைத்து மெஷ்ஷை எடுத்து விரித்துக் காட்டினார். கட்டம் கட்டமாகப் பற்றவைத்த கம்பிவலை. வீட்டுத் தரைக்கு லட்சணமான பொருள். அய்யங்காளை ஒரு கட்டத்துக்குள் தலையை விட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"பாய், எங்க ஊர்ல சாவித் துவாரத்துக்கே துணி அடைச்சு வச்சிருக்கோம். இவ்வளவு ஓட்டை இருந்தா குளிரு வராம என்ன செய்யும்?"

"சரிப்பா, ஃபைபர் பாரு." பாய் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக, முடி மாதிரி மெல்லிய இழைகள். "கலவையில போட்டுக் கலக்கிட்டா பொடி வெடிப்புகூட வராது."

மொக்கராசு மூக்கைச் சுளித்தான். "சோத்துல ஒத்த முடி கிடந்துச்சுன்னு எங்கப்பா ஒரு வருஷம் வீட்டுல கை நனைக்கலை. நீங்க பொட்டலம் பொட்டலமாப் போடச் சொல்றீங்க. சம்பந்தியம்மா பாத்தா என்ன நினைப்பாங்க?"

கடைசியில் எட்டு எம்.எம். கம்பிதான் முடிவானது. அதற்கும் காரணம் இருந்தது. எல்லாவற்றிலும் அதுதான் சின்னது. சின்ன வயதிலேயே வந்துவிட்டால் ஊர் சீக்கிரம் பழகிவிடும் என்றார் பூவலிங்கம். ரவூப் பாய் லாரியில் ஏற்றிவிட்டு, கடைக்குள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

லாரிக்காரன் பாடு இன்னும் மோசம். நெருப்பில் பிறந்ததை ஒரே மூச்சில் பனிக்குள் கொண்டுபோகலாமா? ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் லாரியை நிறுத்தச் சொன்னார்கள். கம்பிகளை இறக்கி, ரோட்டோரமாகப் படுக்க வைத்து, அந்த உயரத்துக் குளிர் பழகட்டும் என்று காத்திருந்து, மறுபடி ஏற்றினார்கள். இரண்டு வளைவு வரைக்கும் லாரிக்காரன் திட்டினான். மூன்றாவது வளைவில் அவனும் இறங்கி ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்து, "இது இன்னும் பழகலைபோல இருக்கே" என்றான். அந்த ஊர்க் காற்றில் என்ன இருக்கிறதோ, யாரையும் விடாது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக் கட்டிலில் கம்பிகளைப் படுக்க வைத்து, கம்பளி போர்த்தி, நுனிக்கு நுனி குல்லாய் மாட்டினார்கள். அமிர்தவல்லி வந்து பார்த்துத் திகைத்தாள்.

"மேஸ்திரி, என் கட்டில்ல யாரு?"

"கம்பிங்கக்கா. களைச்சு வந்திருக்கு."

நம்மைப் போன்றவர்கள் என்றால் கத்தி ஊரைக் கூட்டியிருப்போம். அவளும் நடுங்காப்பட்டிக்காரிதானே. "அடடா, காலை நல்லா மூடுனீங்களா?" என்றாள். அதற்கப்புறம் கால் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்று பெரிய விவாதம் வந்தது. குல்லாய் இரண்டு பக்கமும் இருந்தபடியால் முடிவு காண முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாள் வருவதாகச் செய்தி வந்திருந்தது. புதன்கிழமை காலையில் கலவை போட்டே ஆக வேண்டும். வெளியே புல்லெல்லாம் உறைபனி விழுந்து வெள்ளையாகக் கிடந்தது. பூவலிங்கம் கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். கையை வெளியே எடுத்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"ஜில்லுன்னு கிடக்குடா."

மூன்று பேரும் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாக் கம்பியும் ஜில்லென்றுதான் இருந்தது. இத்தனை கம்பளிக்குப் பிறகும்!

"இந்த நிலைமையில இருக்கிறதைக் கொண்டுபோய் ஈரக் கலவையில படுக்க வைக்கிறதா?" என்றான் சடையப்பன். "நமக்குன்னு ஒரு மனசாட்சி வேண்டாமா?"

"அப்போ தரைக்குள்ள எதைப் போடுறது? அக்கா அழுகுறதை என்னால இன்னொரு தடவை பாக்க முடியாது," என்றார் பூவலிங்கம்.

அய்யங்காளை இந்த நால்வரில் பெரிய யோசனைக்காரன். அவன் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தான்.

"இன்ஜினியரம்மா என்ன சொன்னாங்க? கம்பிதான் போடணும்னா சொன்னாங்க? பலமா ஒண்ணு உள்ள நின்னு பிடிச்சுக்கணும்னாங்க. நம்ம ஊர்க் குளிரு தாங்கணும்னாங்க. இந்த ஊர்ல குளிரு தாங்குறது எது?"

"நாம," என்றான் மொக்கராசு.

"வளைஞ்சு கொடுக்கணும்னாங்க."

மொக்கராசு குனிந்து கால் விரலைத் தொட்டுக் காட்டினான்.

"ஒடியக் கூடாது, துரு ஏறக் கூடாது."

"எனக்கு இத்தனை வயசுக்கு ஒரு பொட்டுத் துரு ஏறினதில்லை," என்றான் சடையப்பன்.

பூவலிங்கம் மூவரையும் தலையிலிருந்து கால் வரைக்கும் அளந்து பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டினார். "ரப்பர் பூட்ஸை மாட்டுங்கடா," என்றார்.

ஆக, நடுவீட்டின் நான்கு மூலையிலும் நான்கு பேர் நின்றார்கள். மண்ணைத் தொடக் கூடாது என்பதை மறக்கவில்லை. ஆளுக்கு இரண்டு கவர் பிளாக் வைத்து அதன்மேல் கால் வைத்தார்கள். ஊர்ப் பெண்கள் பாண்டுச் சட்டியில் அள்ளி அள்ளிக் கலவையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கலவை பூட்ஸைச் சுற்றி ஏறியது. எட்டின மட்டும் இவர்களே குனிந்து மட்டப்பலகையால் இழுத்து, நடுவே பலகை போட்டுப் பெண்களும் இழுத்து, வழவழவென்று முடித்தார்கள். தொழிலில் அவர்களைக் குறை சொல்லக் கூடாது. தரை கண்ணாடி மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. வெளியே தெரியக் கூடாதே! முழங்காலுக்குக் கீழிருந்து தலை வரைக்கும் எல்லாமே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டால் தெரியாது என்றான் மொக்கராசு. எல்லோரும் மூடிப் பார்த்தார்கள், உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பூவலிங்கம் முன்ஜாக்கிரதைக்காரர். ஆளுக்கொரு கோணிச்சாக்கைத் தலை வழியாகப் போட்டுக்கொள்ளச் செய்தார்.

மத்தியானத்துக்குள் கால் வலித்தது. "அண்ணே, உட்காரலாமா?" என்று சாக்குக்குள்ளிருந்து சடையப்பன் கேட்டான்.

"கம்பி எங்கயாவது உட்காருமாடா?"

"வளைஞ்சு கொடுக்கணும்னாங்களே. உட்கார்றதுன்னா வளையுறதுதானே?"

இதில் நியாயம் இருந்தது. கலவை கொஞ்சம் இறுகியதும் பலகை போட்டு, அதன்மேல் ஆளுக்கொரு முக்காலி வைத்துக் கொடுத்தாள் அமிர்தவல்லி. வேளாவேளைக்குச் சாக்கைத் தூக்கிச் சோறு ஊட்டினாள். ராத்திரி மொக்கராசுக்குத் தும்மல் வந்தது. "அடக்குடா, தரை வெடிச்சிரும்" என்று மற்ற மூவரும் கத்தினார்கள். அவன் அடக்கிய அடக்கில் காது இரண்டு நாளைக்குக் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலையில் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். பூட்ஸ் அசையவில்லை. "பாத்தியா, இதான் பிடிமானம்!" என்று பூவலிங்கம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் வருவதற்குள் கோமதியம்மாளும் செல்வக்கனியும் வந்து இறங்கினார்கள். கோமதியம்மாள் வாட்டசாட்டமான மனுஷி. கதவில் நேராக நுழைய மாட்டார், கொஞ்சம் சாய்ந்துதான் நுழைவார். நேரே நடுவீட்டுக்குப் போய், வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். தரை கிண்ணென்று இருந்தது. குனிந்து உள்ளங்கையால் தடவினார். ஒரு கீறல் கிடையாது. அமிர்தவல்லி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு மதினி," என்றார் கோமதியம்மாள். அமிர்தவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதென்ன நாலு மூலையிலயும் நாலு மூட்டை? உருளைக்கிழங்கா?"

"வணக்கம்மா," என்றது ஒரு மூட்டை.

கோமதியம்மாள் போட்ட சத்தம் எங்கள் ஊர் வரைக்கும் கேட்டது. நான் அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"யாருடா நீங்க?"

"கம்பிங்கம்மா," என்றார் பூவலிங்கம், சாக்கை நாகரிகமாக முகம் வரைக்கும் தூக்கி.

அந்த நேரத்துக்கு ஸ்டெல்லாவும் தரையைப் பார்க்க வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டார். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். கட்டிலில் குல்லாயோடு படுத்திருந்த கம்பிகளையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். பிறகு அமிர்தவல்லியைக் கூப்பிட்டார்.

"அம்மா, இப்போ நல்லாத்தான் இருக்கும். கம்பி இல்லாத தரை இந்தப் பனிக்கு ரொம்ப நாள் தாங்காது. உடைச்சுட்டு வேற போட்டாத்தான் எனக்கு நிம்மதி."

"உடைக்கிறதா?" அமிர்தவல்லி அலறிவிட்டாள். "புள்ளைக்கு நாள் நெருங்கிருச்சு. இப்போ உடைச்சா எப்போ போடுறது? எப்போ காயுறது? பிரசவம் முடியட்டும் தாயி, அப்புறம் நீங்க என்ன வேணாப் பண்ணுங்க."

செல்வக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றவள், "முதல்ல அந்த அண்ணனுங்களை வெளிய எடுங்க. பாவமா இருக்கு," என்றாள். "அண்ணே, பூட்ஸை அங்கேயே விட்டுட்டுக் காலை மட்டும் உருவுங்களேன்."

இது அதுவரை ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. மொக்கராசுக்கு மட்டும் காது கேட்காததால் இப்போதும் தோன்றவில்லை. மற்ற மூவரும் காலை இழுத்துப் பார்த்தார்கள். கால் வந்தது. சடையப்பன் முதலில் வெளியே குதித்தான்.

அந்த நேரம் பார்த்துக் காலை வெயில் அந்த வீட்டுத் தகரக் கூரைமேல் விழுந்தது. ராத்திரிப் பனியில் சுருங்கிக் கிடந்த தகரம் வெயில் பட்டதும் விரிந்து, 'டமார்' என்று ஒரு சத்தம் போட்டது. மலையில் எல்லாத் தகரக் கூரையும் தினமும் போடுகிற சத்தம்தான். விருதுநகரிலிருந்து வந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

"ஐயோ, தரை!" என்றார் கோமதியம்மாள். "உள்ள போடா! காலை உள்ள விடுடா!"

சடையப்பன் பாய்ந்து காலைப் பூட்ஸுக்குள் விட்டான். சத்தம் நின்றது. தகரம் ஒரு தடவைதான் அடிக்கும் என்று ஸ்டெல்லா சொல்ல வாயெடுத்தார். யாரும் கேட்கிற நிலைமையில் இல்லை. எங்கே பார்ப்போம் என்று அய்யங்காளை மெதுவாக ஒரு காலை உருவினான். கூரையின் இன்னொரு தகட்டில் வெயில் ஏறியது. டமார்!

"நான் சொல்லலை?" என்றார் கோமதியம்மாள், அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை என்றாலும். பிறகு இடுப்பில் கையை வைத்து நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் மாறியது. "இதுல ஒரு சங்கடம் இருக்கே மதினி. தரை நல்லாருக்கு, நான் ஒத்துக்கறேன். ஆனா புள்ளை பெறுற வீட்டுல நாலு ஆம்பளைங்க நிப்பாங்களா? இது எந்த ஊரு வழக்கம்? வேண்டாம். செல்வக்கனி, பையை எடு. நாம விருதுநகர் போவோம்."

அமிர்தவல்லி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "மதினி, உங்க காலைப் பிடிச்சுக்கறேன்" என்றாள். செல்வக்கனி, "அம்மாவை விட்டு நான் வரமாட்டேன் அத்தை" என்று தேம்பினாள். நாங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறோம் என்றார் பூவலிங்கம். சாக்கு இன்னும் கனமாகப் போட்டுக்கொள்கிறோம் என்றான் சடையப்பன். கோமதியம்மாள் மசியவில்லை. பையைக் கையில் எடுத்துவிட்டார்.

அய்யங்காளை தாடையைப் பிடித்தான்.

"அம்மா, ஆம்பளைக் கம்பிதானே ஆகாது? பொம்பளைக் கம்பி போட்டுட்டா?"

கோமதியம்மாள் பையைக் கீழே வைத்தார். அதில் ஏதாவது தப்பு இருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தார். "அது சரிதான்," என்றார்.

அன்றைக்கே மாற்றியாகிவிட்டது. பூவலிங்கத்தின் மனைவி சின்னப்பிள்ளை ஒரு மூலை. மற்ற மூவரின் மனைவிமார் மற்ற மூலைகள். கால் ஒன்று உள்ளே போகும்போதுதான் கால் ஒன்று வெளியே வர வேண்டும் என்று கோமதியம்மாளே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். ஸ்டெல்லா ஜீப்பில் ஏறி, ஸ்டார்ட் பண்ணாமல் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பெண்கள் ஆண்களைப் போல் இல்லை. நின்ற இடத்திலேயே காய் நறுக்கினார்கள், பூக் கட்டினார்கள், மூலைக்கு மூலை ஊர்க்கதை பேசினார்கள். செல்வக்கனிக்குப் பொழுது போவதே தெரியவில்லை. அமிர்தவல்லி மகளுக்குப் பத்தியச் சாமானெல்லாம் இடித்து வைத்துக்கொண்டு, சிரித்த முகமாகவே திரிந்தாள். கோமதியம்மாள் ஊருக்குப் போகவில்லை. தரை எப்படி நிற்கிறது என்று பார்க்க ஆள் வேண்டாமா என்றார்.

ஒரு காலையில் செல்வக்கனிக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்தாள். அமிர்தவல்லி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் அம்மா என்று கத்தும்போதெல்லாம் இவள் "இருக்கேன்டா, இங்கதான் இருக்கேன்" என்றாள். வெந்நீர் கொதித்துவிட்டது, இறக்க ஆள் இல்லை என்றதும் சின்னப்பிள்ளை எதையும் யோசிக்காமல் பூட்ஸிலிருந்து காலை உருவிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

டமார்!

கோமதியம்மாள் பார்த்தார். மூலை காலியாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் மருமகள், இந்தப் பக்கம் உலகத்துக்கு வந்துகொண்டிருக்கும் பேரப்பிள்ளை. சேலையை வரிந்து கட்டினார். இரண்டே எட்டில் அந்த மூலைக்குப் போய், வலது காலை ஒரு பூட்ஸுக்குள் விட்டார். இடது காலை இன்னொன்றில் விட்டார். பூட்ஸ் முனகியது, ஆனால் இடம் கொடுத்தது.

சத்தம் நின்றது. அடுத்த நிமிஷம் குழந்தை வீறிட்டது. பெண் குழந்தை. அப்பாவைப் பெற்ற பாட்டி ஜாடை.

"பாத்தியளா? நான் கால் வச்சேன், வீடு நின்னுச்சு," என்றார் கோமதியம்மாள், நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தீட்டுக் கழிந்ததும் ஸ்டெல்லா வந்தார். இந்தத் தடவை யாரையும் நம்பவில்லை. டவுனிலிருந்தே ஆள்களைக் கூட்டிவந்திருந்தார். தரையை உடைத்து, அந்த எட்டு எம்.எம். கம்பியை முறையாகக் கட்டி, தானே நின்று போட்டுவிட்டுத்தான் போவது என்று தீர்மானம். மூன்று பெண்களும் சொன்னவுடனே வெளியே வந்துவிட்டார்கள், கால் வலி அப்படி. நான்காவது மூலையில்தான் பிரச்சினை.

கோமதியம்மாள் பூட்ஸில் கால் விட்டு நின்றபடியே, தோளில் பேத்தியைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் இறங்குங்க. கம்பி போடணும்," என்றார் ஸ்டெல்லா, பணிவாக.

"எதைப் போடப்போறே, காட்டு."

ஸ்டெல்லா ஓர் எட்டு எம்.எம். கம்பியைக் கொண்டுவந்து காட்டினார். சுண்டுவிரல் கனம்கூட இல்லை. கோமதியம்மாள் அதை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன்னையும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ படிச்ச புள்ளைதானே? என்னை எடுத்துட்டு இதைப் போடுறேங்கிறியே, உனக்கே நல்லாருக்கா?"